மண்ணும் மருந்து

குடியை விட்டவருக்கு மிகக் கடினமானது காத்திருத்தலே. மது சில நிமிடங்களில் களிப்பூட்டும். அதற்குப் பழகிய மூளை, மெல்ல வரும் இன்பங்களில் சுவை காண்பதில்லை. இக்குறைக்குத் தோட்டவேலை துணைமருந்தாகும்.

தோட்டம் கொத்துதல் போன்ற வேலைகளில் ஈடுபட்ட மனநோயாளர் தேறுவதை, அமெரிக்க மருத்துவர் பெஞ்சமின் ரஷ் 1812-இலேயே எழுதினார். பெங்களூர் நிம்ஹான்ஸ் மறுவாழ்வுப் பிரிவிலும் தோட்டக்கலை ஒரு பயிற்சி.

நான் வாழும் குன்னத்துகால் பக்கம் முளைக்கீரையை 25 முதல் 30 நாளில் பறிக்கலாம். மரச்சீனிக்கோ 8 முதல் 10 மாதம் வேண்டும். முதலில் கீரை, பின்னர் மரச்சீனி எனப் பயிரிட்டால் பொறுமை படிப்படியாக வளருமென்பது என் கருத்து.

ஆனால், குடியை நிறுத்திய முதல் நாட்களில் நடுக்கமோ வலிப்போ கண்டால் உடனே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். அப்போது மண்வெட்டி உதவாது.

மாணவ நண்பர்களே! தேறிவரும் உறவினர்க்கு அறிவுரை கூறுவதினும், ஒருபிடி விதை கொடுத்து உடன்நின்று நீர் ஊற்றுதல் நன்றன்றோ?