லீவு நாளில் லயத்துத் தோட்டம்



டிசெம்பர் விடுமுறை வந்துவிட்டால் எல்லா லயத்திலும் ஒரே பேச்சுத்தான். "இந்தப் பிள்ளைகளை விட்டுட்டு எப்படிக் கொழுந்துக்குப் போறது?" அம்மா மலைக்குப் போன பிறகு பிள்ளைகள் ரோட்டிலும் பீலிக்கரையிலும் திரிவார்கள். இல்லாவிட்டால் டீவிக்கும் போனுக்கும் முன்னால் நாள் முழுதும் குந்தியிருப்பார்கள்.

இந்த முறை அதற்கு ஒரு வழி சொல்கிறோம். ஒரு லயத்துப் பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து ஒரு தோட்டக் கழகம் அமைத்து, விடுமுறை நாட்களில் மரக்கறித் தோட்டம் போடலாம். பெரிய செலவு இல்லை. ஒரு மம்பட்டி, ஒரு வாளி, கொஞ்சம் விதை, கிழமைக்கு மூன்று நாள் காலையில் ஒரு மணித்தியாலம் இருந்தால் போதும்.

இது வெறும் பொழுதுபோக்கா?

இல்லை. 2016ஆம் ஆண்டு நாடு முழுதும் எடுத்த குடித்தொகை, சுகாதாரக் கணக்கெடுப்பைப் பாருங்கள். ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் வளராதவர்கள் நாட்டில் 100க்கு 17 பேர். தோட்டப்புறத்தில் மட்டும் 100க்கு 32 பேர். அதாவது நம் பிள்ளைகளில் மூன்றில் ஒன்று. இதற்குக் காரணங்கள் பல உண்டு. சம்பளம், தாயின் உடல்நிலை, தண்ணீர், கக்கூஸ் வசதி எல்லாம் சேர்ந்ததுதான் அது. ஆனாலும் ரொட்டியும் சம்பலுமாகவே மூன்று வேளையும் போய்விடுகிற வீட்டில் ஒரு பிடி கீரை சேர்ந்தால், அது பிள்ளையின் உடம்புக்குப் பெரிய உதவி.

2021இல் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடை செய்தார்கள். 2022இல் சாமான் விலை தலைக்கு மேல் போனது. அந்த ஜூன் மாதம், வீட்டுத்தோட்டம் செய்யுங்கள் என்று அரசாங்க ஊழியருக்கு வெள்ளிக்கிழமை லீவு கொடுக்கவும் அரசாங்கம் முடிவு செய்தது. தோட்டத்து ஆட்களுக்கு அப்படி லீவும் இல்லை, சொந்த நிலமும் இல்லை. ஆனால் லயத்து வாசலுக்கு முன்னால் நாலு பாத்தி வைத்திருந்தவர்கள் அந்த நேரத்தில் கீரைக்கும் மிளகாய்க்கும் கடைக்குப் போகவில்லை.

நம் பக்கத்துக்கு ஏற்ற காலம்

வெலிமடை, பண்டாரவளை, ஹப்புத்தளைப் பக்கம் ஜூனிலிருந்து செப்டெம்பர் வரை வரண்ட காற்று வீசும். அந்தக் காற்றுத்தான் ஊவாத் தேயிலைக்கு உலகமெங்கும் பெயர் வாங்கிக் கொடுத்த வாசனையைத் தருகிறது. மரக்கறிக்கோ அது கஷ்ட காலம். ஒக்டோபர் பிறந்ததும் மழை தொடங்கி ஜனவரி வரை மண் ஈரமாகவே இருக்கும். எனவே டிசெம்பரில் தண்ணீர் சுமக்கும் வேலை குறைவு. பிள்ளைகள் செய்யத் தோதான காலம் இது.

கழகத்தை எப்படி அமைப்பது?

1. முதலில் இடம். லயத்து வாசலில் நீங்கள் ஏற்கெனவே பாவிக்கிற இடம் போதும். புதிய இடத்தைக் கொத்துவதானால் தோட்டத்து ஒபீசில் கேட்டு அனுமதி வாங்கிய பிறகே கை வையுங்கள். தேயிலைச் செடியைப் பிடுங்கி மரக்கறி போடுவது வேலையில் வீண் பிரச்சினையைக் கொண்டுவரும். 7 பேர்ச் காணியோடு தனிவீடு கிடைத்தவர்களுக்குக் கிட்டத்தட்ட 1,900 சதுர அடி இருக்கிறது. வீடு, பாதை போக மிஞ்சும் இடத்தை வெறுமனே விடாதீர்கள்.

2. பெரியவர் ஒருவர். பென்ஷன் எடுத்த தாத்தாவோ அம்மாயியோ லயத்துக்கு ஒருவராவது இருப்பார். மண்ணின் குணம் அவருக்குத் தெரியும். அவரே ஆசிரியர்.

3. கணக்குப் புத்தகம். ஐந்தாம் ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒன்று எழுதட்டும். எந்தத் திகதியில் என்ன விதை போட்டோம், எப்போது முளைத்தது, எத்தனை பிடி பறித்தோம், யார் யார் வேலை செய்தார்கள் என்று எழுதி வைத்தால் அடுத்த வருஷம் அதுவே வழிகாட்டி. கணக்குப் பாடமும் கூடவே நடக்கும்.

4. பங்கு. பறித்ததை எப்படிப் பிரிப்பது என்று முதல் நாளே பேசி முடியுங்கள். வேலை செய்த வீடுகளுக்குச் சம பங்கு. வயிற்றுப் பிள்ளைக்காரி இருக்கிற வீட்டுக்கு ஒரு பிடி கூட. இதைப் பேசாமல் விட்டால் கீரைப் பாத்தியே சண்டைப் பாத்தியாகிவிடும்.

தேயிலை மண் வேறு, மரக்கறி மண் வேறு

இந்தப் பாடத்தில் முக்கியமான இடம் இதுதான். தேயிலை புளிப்பு மண்ணில் நன்றாக வளரும். கோவா, பீட்ரூட், போஞ்சி எல்லாம் அந்தப் புளிப்பைத் தாங்காது. புளிப்பு கூடிய மண்ணில் கோவாவின் வேர் முண்டு முண்டாக வீங்கி, செடி பகலில் வாடிப்போகும். "பசளை போட்டும் வளரவில்லையே" என்று பலர் கவலைப்படுவதற்கு இந்தப் புளிப்பே காரணமாக இருக்கலாம்.

மருந்து நம் அடுப்பிலேயே இருக்கிறது. விறகுச் சாம்பலைச் சலித்து, ஒரு சதுர யார் இடத்துக்கு இரண்டு கைப்பிடி தூவி மண்ணோடு கலந்து, இரண்டு கிழமை விட்டு நடுங்கள். தேயிலை மலைக்குப் போடுகிற டொலமைட் கடையில் கிடைத்தால் இன்னும் நல்லது. ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். சாம்பலையும் பச்சை மாட்டெருவையும் ஒன்றாகக் கலக்கக் கூடாது. கலந்தால் எருவிலுள்ள சத்து காற்றோடு போய்விடும். இரண்டு கிழமை இடைவெளி விட்டுப் போடுங்கள்.

வாய்க்காலை மூடாதீர்கள்

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் நடந்ததை நாம் யாரும் மறக்கவில்லை. லயங்கள் மண்ணுக்குள் போயின. 2025 நவம்பர் கடைசியில் வந்த டிட்வா புயலிலும் பதுளை மாவட்டமும் மலைநாட்டின் மற்றப் பகுதிகளும் மண்சரிவில் பெரும் துன்பப்பட்டன. ஆகவே மலைச்சரிவில் தோட்டம் போடுபவர் நாலு விஷயம் பார்க்க வேண்டும்.

* லயத்துக்கு மேலே உள்ள சரிவைக் கொத்த வேண்டாம்.
* பாத்தியைச் சரிவுக்குக் குறுக்கே போடுங்கள். மேலிருந்து கீழாகப் போட்டால் ஒரே மழையில் மண்ணும் பசளையும் உமா ஓயாவுக்குப் போய்விடும்.
* மழைத்தண்ணீர் ஓடுகிற வாய்க்காலை நிரப்பிப் பாத்தி கட்டக் கூடாது. கழகத்தின் முதல் வேலையே அந்த வாய்க்காலில் கிடக்கும் குப்பையை அள்ளுவதாக இருக்கட்டும். அந்த வேலைக்குப் பெரியவர் ஒருவர் கட்டாயம் கூட இருக்க வேண்டும்.
* நிலத்தில் புதிய வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரென்று கலங்கிய ஊற்று கண்டால் வேலையை நிறுத்தி உடனே பெரியவரிடம் சொல்லுங்கள். 117க்கு அழைத்தால் அனர்த்த முகாமைத்துவ நிலையம் பதில் சொல்லும்.

எதை விதைப்பது, எப்போது பறிப்பது?

பாத்தி 3 அடி அகலத்துக்கு மேல் வேண்டாம். இரண்டு பக்கமும் நின்று பிள்ளையின் கை நடுவுக்கு எட்ட வேண்டும். உயரம் அரை அடி இருந்தால் மழைத்தண்ணீர் தேங்காது.

* தண்டுக்கீரை, முளைக்கீரை: நாலு ஐந்து கிழமையில் பறிக்கலாம். லீவு தொடங்கின உடனே விதைத்தால் பொங்கலுக்குக் கறி.
* முள்ளங்கி: 40 முதல் 45 நாள். இலையையும் சுண்டலாம்.
* போஞ்சி: 50 முதல் 60 நாள். கொடிப் போஞ்சிக்குக் கம்பு நாட்ட வேண்டும்.
* பீட்ரூட்: 60 முதல் 75 நாள்.
* கரட்: 3 மாதம். மண்ணை ஒரு அடி ஆழத்துக்குப் பொடியாக்கி, கல் பொறுக்கி, நேரே விதைக்க வேண்டும். பிடுங்கி நட்டால் கிழங்கு கோணலாகும்.
* கோவா: 3, 4 கிழமை நாற்று. நட்டு 3 மாதத்தில் வெட்டலாம்.

தக்காளியை இந்த மாதம் விட்டுவிடுங்கள். மழையும் மூடுபனியும் சேர்ந்தால் இலை கருகல் நோய் இரண்டு மூன்று நாளில் முழுப் பாத்தியையும் தின்றுவிடும். உருளைக்கிழங்குக்கும் அதே நோய்தான். அடைமழை குறைந்த பிறகு பார்க்கலாம்.

"பொங்கலுக்குச் செவ்வந்திப் பூ வேணுமே" என்று அக்காமார் கேட்பது காதில் விழுகிறது. விதை போட்டுப் பூக்க 50, 60 நாள் ஆகும். பொங்கல் பூவுக்கு நவம்பர் முதல் கிழமையிலேயே விதைக்க வேண்டும். இப்போது விதைத்தால் மாசிச் சிவராத்திரிக்குப் பூ கிடைக்கும். கணக்குப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் இதை எழுதி வைத்தால் அடுத்த வருஷம் தவறாது.

வேலி ஓரத்தில் ஒரு மரத்தக்காளி, ஒரு கொய்யா நடுங்கள். மரத்தக்காளி ஒன்றரை இரண்டு வருஷத்தில் காய்க்கும்.

ஹக்கலை சொல்லும் பாடம்

வெலிமடையிலிருந்து நுவரெலியாவுக்குப் பஸ்ஸில் போகும்போது ஹக்கலைப் பூந்தோட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். 1861இல் அதைத் தொடங்கியது பூ வளர்க்க அல்ல. மலேரியாக் காய்ச்சலுக்கு மருந்தான கொயினா தருகிற சிங்கோனா மரம் இங்கே வளருமா என்று பரீட்சித்துப் பார்க்கத்தான். அந்தக் காலத்தில் மலைநாடெங்கும் கோப்பி. 1869இல் கோப்பி இலையில் ஒரு நோய் கண்டார்கள். அடுத்த இருபது வருஷத்துக்குள் கோப்பித் தோட்டங்கள் அழிந்தன. சிங்கோனாவை ஏராளமாக நட்டார்கள். பட்டை கூடிப்போய் விலை விழுந்தது. அதற்குப் பிறகுதான் தேயிலை முழு மலையையும் பிடித்தது.

ஒரே பயிரை நம்பினால் ஒரே நோய் எல்லாவற்றையும் கொண்டுபோகும். இது பெரிய தோட்டத்துக்கு மட்டும் அல்ல, மூன்று பாத்திக்கும் பொருந்தும். ஒரு பாத்தி முழுக்கக் கோவா வைக்காமல் நடுவே போஞ்சியும் ஓரத்தில் வெங்காயமும் வையுங்கள். இந்தப் போகம் கோவா இருந்த இடத்தில் அடுத்த போகம் போஞ்சி போடுங்கள். போஞ்சியின் வேர் காற்றிலுள்ள சத்தை மண்ணுக்குச் சேர்க்கும்.

பசளையும் பூச்சியும்

மழைக்காலத்தில் குழி தோண்டினால் தண்ணீர் நிற்கும். அதனால் கூட்டெருவை நிலத்துக்கு மேலே குவியலாகவே போடுங்கள். காய்ந்த இலை ஒரு அடுக்கு, மரக்கறித் தோலும் தேயிலைச் சக்கையும் பச்சை இலையும் ஒரு அடுக்கு, கொஞ்சம் மாட்டெரு, மறுபடி காய்ந்த இலை. 3 அடி உயரம் வந்ததும் பழைய சாக்கால் மூடி, இரண்டு கிழமைக்கு ஒரு முறை புரட்டுங்கள். மூன்று மாதத்தில் மண் வாசனையோடு கறுப்பாக வரும்.

புழுவைப் பிள்ளைகள் காலையில் கையால் பொறுக்கலாம். அதையே போட்டியாக வைத்தால் பாத்தி சுத்தம். பிள்ளைகள் கையில் மருந்துக் கான் கொடுக்கவே கூடாது. புல்லுக்கு அடித்த மருந்தின் வெற்றுக் கானைக் கழுவித் தண்ணீர் ஊற்றப் பாவிப்பதும் ஆபத்து. எத்தனை தரம் கழுவினாலும் விஷம் முழுதாகப் போகாது.

விதைக்கும் ஆலோசனைக்கும் பக்கத்துக் கமநல சேவை நிலையத்துக்குப் போய் விவசாயப் போதனாசிரியரைக் கேளுங்கள். 1920 என்ற இலக்கத்துக்குப் போன் பண்ணினால் விவசாயத் திணைக்களம் ஆலோசனை சொல்லும்.

பொங்கலுக்கு ஒரு சின்னக் கண்காட்சி

ஒவ்வொரு ஏப்ரலிலும் நுவரெலியாவில் வசந்த காலக் கொண்டாட்டத்தோடு மலர்க் கண்காட்சி நடக்கிறது. ஊட்டியில் 1896இல் தொடங்கிய மலர்க் கண்காட்சி மே மாத விடுமுறையில் ஊரையே கூட்டுகிறது. 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின் பிறகு இங்கிருந்து போன நம் உறவுகள் பலர் அந்த நீலகிரி மலையில்தான் தேயிலை பறித்துப் பிழைத்தார்கள்.

அவ்வளவு பெரிதாக வேண்டாம். பொங்கலுக்கு அடுத்த நாள் பிள்ளைக்காம்பிரா முன்னால் ஒரு மேசை போடுங்கள். ஒவ்வொரு லயத்துக் கழகமும் தன் கீரைக்கட்டையும் முள்ளங்கியையும் கணக்குப் புத்தகத்தையும் கொண்டுவந்து வைக்கட்டும். பரிசு பெரிய கோவாவுக்கு மட்டும் வேண்டாம். நன்றாக எழுதிய புத்தகத்துக்கும், சுத்தமான வாய்க்காலுக்கும் கொடுங்கள். பரிசாக ஒரு பைக்கற் விதை போதும்.

கடைசியாக, அடுப்படியில்

கீரையில் இரும்புச்சத்து உண்டு. இரத்தம் குறைந்த தாய்மாருக்கும் பிள்ளைகளுக்கும் அது வேண்டும். ஆனால் சாப்பிட்ட கையோடு சாயத்தண்ணி குடித்தால் அந்தச் சத்தில் பெரும் பகுதியை உடம்பு எடுத்துக்கொள்ளாது. தேயிலையை விடச் சொல்லவில்லை, அது நம் பிழைப்பு. சாப்பாட்டுக்கும் தேத்தண்ணிக்கும் நடுவே ஒரு மணித்தியாலம் விடுங்கள். கீரைச் சுண்டலில் அரை மூடி தேசிக்காய் பிழியுங்கள். புளிப்பு அந்தச் சத்தை உடம்பில் சேர்க்க உதவும்.

அம்மாமாரே, மலையிலிருந்து களைத்து வந்தவுடன் இன்னொரு வேலையா என்று மலைக்க வேண்டாம். இது பிள்ளைகளின் வேலை. நீங்கள் வரும்போது அவர்கள் கையில் இருக்கிற கீரைக்கட்டை வாங்கி, "நல்லா இருக்குடா தம்பி" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நாளைக்குக் காலையில் அவர்களே மம்பட்டியைத் தேடுவார்கள்.