முதல் ஓட்டப் பந்தயமா? மனசையும் தயார் பண்ணுங்கள்!

பத்து கிலோமீட்டர் ஓட்டத்துக்குப் பேர் கொடுத்துவிட்டீர்கள். மூன்று மாதமாக விடியற்காலையில் ஓடியும் பழகிவிட்டீர்கள். ஆனால், பந்தயத்துக்கு முதல் நாள் ராத்திரி வயிற்றைக் கலக்குகிறது. 'இந்த வயசில் இது தேவையா?' என்று மனசு கேட்கிறது. சரிதானே?

என் மனசும் கேட்டது. 52 வயதில், சென்னை மாரத்தானில் 10 கிலோமீட்டர் ஓடப் பதிவு செய்திருந்தேன். அன்று அதிகாலை, 'காய்ச்சல் மாதிரி இருக்கு' என்று சொல்லிப் போர்த்திப் படுத்துக்கொண்டேன். ஊருக்கெல்லாம் நாடி பார்க்கிறவன்! மகள் வந்து நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். 'சரிப்பா' என்றாள். அவ்வளவுதான். அந்தச் 'சரிப்பா' ஒரு வருஷம் குத்திக்கொண்டே இருந்தது.

பயந்தால் அட்ரினலின் சுரக்கும். இதயம் வேகமாகத் துடிக்கும், உள்ளங்கை வியர்க்கும், குடல் கலங்கும். ஓடுவதற்கு உடம்பு தயாராகிற வேலைதான் இது. 'எனக்கு என்னமோ ஆயிடுச்சு' என்று நினைத்தால் அது பயம். 'உடம்பு கிளம்பிடுச்சு' என்று நினைத்துப் பாருங்கள், அதே துடிப்பு உற்சாகமாகிவிடும்.

அடக்கக் கூடாத வேகங்கள் பதினான்கு என்கிறது சித்த மருத்துவம். சிறுநீர், மலம், கொட்டாவி, தாகம், இளைப்பு எல்லாம் அதில் உண்டு. பாளையங்கோட்டைக் கல்லூரியில் இதைப் பரீட்சைக்காக மனப்பாடம் செய்தேன். ஓட ஆரம்பித்த பிறகுதான் புரிந்தது! ஓட்டம் தொடங்கும் இடத்தில் மூன்றாவது தடவை சிறுநீர் வருகிறதா? கூச்சப்படாமல் போய்விட்டு வாருங்கள். அதற்காகவே முக்கால் மணி நேரம் முன்னதாகப் போய்விடுவது நல்லது. இளைப்பு வந்தால் நடங்கள். 'நடந்துவிட்டால் அவமானம்' என்ற எண்ணம்தான் என்னைப் போர்வைக்குள் தள்ளியது. 'தண்ணீர் கொடுக்கிற ஒவ்வொரு இடத்திலும் ஒரு நிமிஷம் நடப்பேன்' என்று முதல் நாளே முடிவு செய்துவிடுங்கள். பாதி பயம் போய்விடும்.

ராத்திரி தூக்கம் வரவில்லையா? பரவாயில்லை. முந்தைய இரவுகளில் நன்றாகத் தூங்கியிருந்தால் போதும். கண்ணை மூடிப் படுத்து, ஏழாவது கிலோமீட்டரை நினைத்துப் பாருங்கள். கால் கனக்கிறது, வெயில் ஏறுகிறது. அப்போது என்ன செய்வீர்கள்? வேகத்தைக் குறைப்பீர்கள், தோளைத் தளர்த்துவீர்கள். இதை மனசுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்தவருக்கு அந்த இடம் புதுசாகத் தெரியாது.

மூச்சுக்கு வருவோம். திருமூலர் சொன்ன 16, 64, 32 மாத்திரைக் கணக்கை அன்று காலையில் முயல வேண்டாம். பழகாதவர் மூச்சை அடக்கினால் படபடப்புதான் கூடும். நாலு எண்ணும்வரை இழுத்து, ஆறு எண்ணும்வரை மெதுவாக விடுங்கள். ஐந்து நிமிஷம் போதும்.

யாரோ சொன்னார்கள் என்று அன்றைக்கு அமுக்கரா சூரணம், லேகியம் எதையும் புதுசாக ஆரம்பிக்காதீர்கள். சித்த வைத்தியன் நானே சொல்கிறேன்! சர்க்கரை, இதயக் கோளாறு உள்ளவர்கள் பேர் கொடுக்கும் முன்பே டாக்டரைப் பாருங்கள். ஓடும்போது நெஞ்சு வலித்தாலோ, தலை சுற்றினாலோ அதை மனப்பயம் என்று தள்ளாமல் உடனே நின்று உதவி கேளுங்கள்.

மறு வருஷம் ஓடினேன். மூன்று இடத்தில் நடந்தேன். முடிக்க ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆனது. எல்லைக் கோட்டருகே நின்றிருந்த மகள் என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்.

"இப்பதான்ப்பா சுடுது" என்றாள்.