ஒடுங்கிய தமனியிற் குருதியின் ஓட்டம்

காவிரியின் கிளையாகிய அரசலாறு காரைக்காலிற் கடலொடு கலக்கின்றது. அப்பக்கத்து வாய்க்கால்களின் மதகுகளை உற்று நோக்கினோர் ஒன்றறிவர். மதகின் பலகையைப் பாதி இறக்கியவழி, நீர் அச்சிறு வாயினூடே இறுகி விரைந்து பாயும். அங்கே சுழி மிகுதியில்லை. அதனைக் கடந்து வாய்க்கால் மீண்டும் அகலுமிடத்தேதான் நுரைத்துச் சுழலும். கரை அரிபடுவதும் அவ்விடத்தே. கழுத்துத் தமனியிற் கொழுப்புப் படிந்து வழி ஒடுங்கியவிடத்தும் இதனையொப்பதே நிகழ்கின்றது.

பிரெஞ்சு ஆட்சி 1954 வரை நிலவிய இவ்வூரை முன்னிட்டு, அந்நாட்டு மருத்துவர் புவாசேயை முதற்கண் குறிப்பது தகும். 1828இல் பாதரசம் நிறைந்த வளைகுழாயால் தமனியின் அழுத்தத்தை அளந்தவர் அவர். பின்னர் நுண்ணிய கண்ணாடிக் குழாய்களில் நீரைச் செலுத்தி, ஓடும் அளவு விட்டத்தின் நான்காம் படியைப் பொறுத்ததெனக் கண்டார். அஃதாவது, விட்டம் பாதியாகக் குறையின், அதே அழுத்தத்தில் பதினாறில் ஒரு பங்கே ஓடும்.

ஆயின் அவ்விதி சீரோட்டத்திற்கே உரியது. 1883இல் ரெய்னால்ட்ஸ் என்பார் கண்ணாடிக் குழாயின் நீரிற் சாய இழையொன்றை விட்டார். விரைவு குறைந்தவழி இழை நேரே சென்றது. ஓரெல்லை கடந்தவழி சிதறி எங்குங் கலந்தது. இதனைக் கொந்தளிப்பு என்பாருமுளர். அது கடலுக்கே ஏற்ற சொல்லாகலின், சுழியோட்டம் என்றலே நன்றென யாம் கருதுகின்றோம். விரைவு, விட்டம், அடர்த்தி இம்மூன்றனையும் பெருக்கிப் பிசுபிசுப்பால் வகுத்த எண், நேரிய குழாயில் ஏறத்தாழ 2000ஐக் கடந்தால் சுழியோட்டம் தோன்றலாம். ஒடுங்கிய வாயின் பின்னோ சில நூறே போதும். அப்போது அழுத்த இழப்பு விரைவின் வர்க்கத்தையொட்டி ஏறும். நோயுற்ற தமனியில், விதி மிக வேண்டப்படும் இடத்தேதான், புவாசேயின் விதி கைவிடுகின்றது!

சுழிகள் தமனிச் சுவரை அதிரச்செய்யும் ஒலியை மருத்துவர், லென்னெக் 1816இல் கண்ட குழலின் வழிவந்த கருவியாற் கேட்கின்றனர். வழி மிக ஒடுங்கி ஓட்டமே அருகியவழி அவ்வொலியும் அடங்கிப்போம். ஆகவே ஒலியின்மை நலத்திற்குச் சான்றாகாது.

இனி, சி.டி. படம் குழாயின் வடிவைக் காட்டும், எம்.ஆர்.ஐ. கருவியும் மிகையொலிக் கருவியும் குருதியின் விரைவையும் அளக்கும். படத்தில் ஒரேயளவு ஒடுங்கித் தோன்றும் இரு தமனிகள் ஓட்டத்தைத் தடுப்பதில் வேறுபடக்கூடும். அறுவை வேண்டுமா வேண்டாவா என்னும் தீர்ப்பிற்கு வடிவு மட்டும் போதாமை இதனாற் புலனாம். ஆதலின் அவ்வடிவைப் பல இலட்சம் நுண்கூறுகளாகப் பகுத்து, நவியே 1822இலும் ஸ்டோக்ஸ் 1845இலும் வகுத்த சமன்பாடுகளைக் கணினியால் கணந்தோறும் தீர்க்கின்றனர். குருதி முடுகிப் பின் தணியும் வேளையிற் சுழிகள் பெருகுகின்றன. ஒரு துடிப்பிற் கண்ட சுழி மறு துடிப்பில் அவ்வாறே வாராது. ஆதலாற் பல துடிப்புகளைக் கணித்துச் சராசரி கொள்வர்.

இத்துறை மருத்துவரும் பொறியியலாரும் ஒருங்கு கூடினாலன்றி நடவாது. 2010இல் நிறுவப்பெற்ற புதுச்சேரி தேசியத் தொழில்நுட்பக் கழகமும், 2016இல் தொடங்கிய ஜிப்மர் கிளையும் காரைக்காலில் இருத்தலால், இருதிறத்து மாணாக்கரும் இங்கே அயலவராக உளர்.

கணினி தந்த விடையென்று அதனை அப்படியே நம்புவது பேதைமை. குழாயின் வாயில் எவ்வளவு குருதி புகும், கடையில் எத்துணைத் தடையுண்டு என்பன பிழைபடின், எத்துணை நுட்பமான கணக்கும் பிழைபடும். அதனால், தமனியின் வடிவிலேயே ஒளிபுகும் குழாயொன்று வார்த்து, நுண்துகள் கலந்த நீர்மத்தைத் துடிப்புத் துடிப்பாகச் செலுத்தி, லேசர் ஒளியிற் படமெடுத்து ஒப்பிடுவர். அளந்ததும் கணித்ததும் ஒத்த பின்னரே அக்கணக்கை நோயாளியின் தமனிக்குப் பயன்படுத்தத் துணிவர்.