ஐ.பி. (திவால் மனு) போடுறதுக்கு முன்னாடி வேலையைப் பத்தி யோசிச்சீங்களா?

கடன்காரங்க வாசல்ல வந்து நிக்கும்போது, "பேசாம மஞ்சள் கடுதாசி கொடுத்துடு, எல்லாம் தீந்துடும்"னு சொல்ல நாலு பேர் வருவாங்க. இப்ப பாக்கிற வேலை என்ன ஆகும், நாளைக்கு வேற வேலை தேடினா என்ன கேப்பாங்கன்னு மட்டும் யாரும் சொல்ல மாட்டாங்க. உங்களுக்கு நேரம் இல்லேன்னு தெரியும். அஞ்சு நிமிஷம் உக்காந்து இதைப் படிச்சிட்டு அப்புறம் வக்கீலைப் பாருங்க.

1. பேங்க் வேலையில இருக்கீங்களா? இல்ல, பேங்க் பரீட்சைக்குப் படிக்கிறீங்களா? அப்போ ஐ.பி. பக்கம் தலை வெச்சுக்கூடப் படுக்காதீங்க. திவால்னு கோர்ட் அறிவிச்ச ஆளை பேங்க் வேலைக்கு வெச்சுக்கவே கூடாதுன்னு 1949-ம் வருஷத்து வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தோட 10-வது பிரிவு சொல்லுது. இப்போ திவாலா இருக்கிறவர் மட்டும் இல்ல, எப்பவோ ஆகி மீண்டு வந்தவருக்கும் அதே தடைதான். சில வீட்ல பையன் ஐபிபிஎஸ் பேங்க் பரீட்சைக்குப் படிச்சுக்கிட்டு இருக்கான், அவன் பேர்ல இருக்கிற கடனுக்கு அப்பா ஐ.பி. போடச் சொல்றார்! இந்தத் தப்பைப் பண்ணாதீங்க.

2. ஐ.பி. போடலேன்னாலும் சிபில் (உங்க கடன் வரலாறு) பேசும். 2025-ல சென்னை உயர் நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. ஸ்டேட் பேங்க் வேலைக்குத் தேர்வான ஒருத்தரோட நியமனத்தை, பழைய கடன் பாக்கியைக் காட்டி பேங்க் ரத்து பண்ணிடுச்சு. கோர்ட்டும் அது சரின்னுடுச்சு. அதனால பேங்க், பைனான்ஸ் கம்பெனி மாதிரி இடத்துக்கு விண்ணப்பிக்கிறதுக்கு முன்னாடி உங்க சிபில் ரிப்போர்ட்டை நீங்களே எடுத்துப் பாருங்க. வருஷத்துக்கு ஒரு தடவை இலவசம். கட்டி முடிச்ச கடன் இன்னும் பாக்கின்னு காட்டினா உடனே புகார் கொடுங்க, 30 நாளுக்குள்ள முடிச்சுக் கொடுக்கணும். 'குளோஸ்டு'ன்னு வர்றதும் 'செட்டில்டு'ன்னு வர்றதும் ஒண்ணு இல்ல. குறைச்சுக் கட்டி முடிச்சா ரெண்டாவதுதான் வரும், அது உறுத்திக்கிட்டே இருக்கும்.

3. அரசு ஊழியரா? மறைக்காதீங்க. மத்திய அரசு நடத்தை விதி 17 படி, கடன் வசூல் வழக்கோ திவால் மனுவோ வந்தா உடனே மேலிடத்துக்கு எழுத்துல தெரிவிக்கணும். கண்மூடித்தனமா செலவு பண்ணி வந்த கடன் இல்லேன்னு நிரூபிக்க வேண்டியதும் நீங்கதான். வைத்தியத்துக்காக வாங்கின கடன்னா ஆஸ்பத்திரி பில், டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாத்தையும் பத்திரமா வைங்க. கடனை விட, மறைச்சதுதான் பெரிய குத்தமா நிக்கும்.

4. சம்பளம் முழுக்க ஜப்தி ஆயிடும்னு பயந்து ஐ.பி. போடாதீங்க. அப்படி ஆகாது. உரிமையியல் நடைமுறைச் சட்டம் 60-வது பிரிவுல முதல் 1,000 ரூபாயும், மிச்சத்துல மூணுல ரெண்டு பங்கும் தொட முடியாது. 31,000 சம்பளம்னா 21,000 உங்க கைக்கு வரும், 10,000 வரைக்கும்தான் பிடிக்கலாம். பி.எஃப்., கிராஜுவிட்டி ரெண்டுலயும் கடன்காரர் கை வைக்க முடியாது. மனைவி, பிள்ளைங்க ஜீவனாம்சத்துக்கு மட்டும் கணக்கு வேற.

5. இதைக் கொஞ்சம் நிதானமா படிங்க. ஆபீஸ் சிக்கன நாணயச் சங்கத்துல கடன் வாங்கும்போது பக்கத்து சீட்டுக்காரர்தானே ஜாமீன் கையெழுத்து போட்டார்? நீங்க ஐ.பி. போட்டு, கோர்ட் உங்களை விடுவிச்சாலும் அவருக்கு விடுதலை கிடையாது. பாக்கியை அவர் சம்பளத்துல பிடிப்பாங்க. ஒண்ணாந் தேதி சம்பளச் சீட்டைப் பாத்துட்டு அவர் உங்க முகத்தைப் பாப்பார். அவர் வீட்லயும் ஸ்கூல் பீஸ் கட்டணும்ல. வேலை சட்டப்படி நிலைச்சாலும் அந்த ஆபீஸ்ல நீங்க நிம்மதியா உக்கார முடியாது. வேற எதை நிறுத்தினாலும் நிறுத்துங்க, ஆள் ஜாமீன் போட்ட கடனை முதல்ல அடைங்க. முடியலேன்னா அவர்கிட்ட நீங்களே நேர்ல போய்ச் சொல்லுங்க. கோர்ட் நோட்டீஸ் பாத்துத் தெரிஞ்சுக்க விடாதீங்க.

6. தனியார் கம்பெனிக்குப் பொதுவா இந்த மாதிரி சட்டத் தடை இல்ல. ஆனா உங்களைக் காப்பாத்தவும் தனிச் சட்டம் இல்ல. உங்க வேலை நியமன ஆர்டரை எடுத்து, திவால் பத்தி ஏதாவது வரி இருக்கான்னு படிங்க. புது வேலைக்குப் படிவம் நிரப்பும்போது கேள்வியை முழுசாப் படிச்சுட்டு எழுதுங்க. மனு போட்டது வேற, கோர்ட் திவால்னு அறிவிச்சது வேற. எதைக் கேக்கிறாங்களோ அதுக்கு உண்மையைச் சொல்லுங்க, கேக்காததை இன்டர்வியூல அழுதுக்கிட்டே கொட்டாதீங்க. பொய் எழுதினா பின்னாடி சரிபார்க்கும்போது மாட்டுவீங்க.

7. கம்பெனி டைரக்டர், சார்ட்டர்ட் அக்கவுன்டன்ட், உள்ளாட்சிப் பதவி, இதெல்லாம் கோர்ட்ல டிஸ்சார்ஜ் (விடுவிப்பு ஆர்டர்) வாங்காத திவால் ஆளுக்குக் கிடையாது. சொந்தமா கம்பெனி ஆரம்பிச்சுப் பிழைச்சுக்கலாம்னு திட்டம் போட்டிருந்தா மறு யோசனை பண்ணுங்க.

8. மனு போட்டதோட வேலை முடிஞ்சதுன்னு வீட்ல படுத்துடாதீங்க. சென்னையை விட்டு வெளியே இருக்கிறவங்களுக்கு 1920-ம் வருஷத்துத் திவால் சட்டம்தான் பொருந்தும். திவால்னு அறிவிக்கும்போதே கோர்ட் ஒரு கெடு சொல்லும். அதுக்குள்ள டிஸ்சார்ஜ் மனு போடலேன்னா அறிவிப்பே ரத்தாகிடும், கடன்காரங்க திரும்ப வந்து நிப்பாங்க. கெடு தேதியைக் காலண்டர்ல வட்டம் போட்டு வைங்க. டிஸ்சார்ஜ் ஆர்டர் வந்தவுடனே சான்றிட்ட நகல் ரெண்டு மூணு வாங்கிடுங்க. எச்.ஆர். கேக்கிற அன்னைக்குப் போய் நகல் மனு போட்டா, அது கைக்கு வர்றதுக்குள்ள அந்த வேலை வேற ஆளுக்குப் போயிருக்கும்.