உவைஸ் என்னும் பெயர்



குழந்தை பிறந்த 7ஆம் நாள் முடி இறக்கி, அகீகா கொடுத்து, பெயர் வைப்பது நம்மவர் வழக்கம். அண்மையில் நம் அங்கத்தினர் ஒருவர் தம் பேரனுக்கு 'உவைஸ்' என்று பெயரிட்டார். மஜ்லிஸில் இருந்தவர்களில் பலர், "இது என்ன பெயர்? நம் பக்கத்தில் கேட்டதில்லையே!" என்று வியந்தார்கள். பொருள் என்ன, யார் பெயர், எங்கே வழங்குகிறது என்று விவரம் கேட்டவர்களுக்காக இச்சிறு பாடத்தை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லவேண்டும். ஒரு பெயர் ஓர் ஊரில் பெருகுவதற்குக் காரணம் உண்டு. நம் கடைத்தெருவில் நின்று 'சாகுல் ஹமீது' என்று கூப்பிட்டால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். கடல் கடந்து வந்த நம் முன்னோர் நாகூர் ஆண்டவர்களை நினைத்துக் கப்பலேறினார்கள். வந்த இடத்திலும் அவர்கள் பெயரால் கட்டடம் எழுப்பினார்கள். சிங்கப்பூர் தெலுக் ஆயர் தெருவிலுள்ள நாகூர் தர்கா 1828க்கும் 1830க்கும் இடையில் கட்டப்பட்டது. பினாங்கு சூலியா தெருவிலும் ஒன்று உண்டு. பிள்ளை பிறந்தால் அந்தப் பெயரே நாவில் முதலில் வரும். முஹ்யித்தீன் என்ற பெயரும் அப்படியே பெருகியது. உவைஸ் என்பவருக்கு நம் கரையில் கந்தூரியும் இல்லை, கொடியேற்றமும் இல்லை. ஆகவே கிதாபு ஓதியவர் வீட்டில் மட்டும் அந்தப் பெயர் அங்கொன்றும் இங்கொன்றுமாக நின்றுவிட்டது.

சொல்லின் வேர்

உவைஸ் என்பது அரபியில் அலிஃப், வாவ், யே, ஸீன் என்ற நான்கு எழுத்தால் ஆன சொல். மதரஸாவில் ஸர்ஃபு ஓதியவர்களுக்கு 'தஸ்கீர்' என்ற பாடம் நினைவிருக்கும். ஒரு பெயர்ச்சொல்லைச் சிறியதாக்கி, செல்லமாக்கிச் சொல்லும் முறை அது. ஹஸன் என்பது ஹுஸைன் ஆகும். அப்து என்பது உபைது ஆகும். படை என்று பொருள்படும் ஜுந்து என்பது ஜுனைது ஆகும். அதே அச்சில் வார்த்ததுதான் அவ்ஸ் என்பதிலிருந்து வந்த உவைஸ். நாம் 'சின்னத்தம்பி' என்று ஆசையாகச் சொல்வது போன்றது என்று வைத்துக்கொள்ளலாம்.

அவ்ஸ் என்பதற்கு இரண்டு பொருள் உண்டு. ஒன்று கொடை, ஈடாகக் கொடுப்பது. மற்றொன்று ஓநாய். பாலைவனத்து அரபிகள் பிள்ளைகளுக்கு வீரமுள்ள விலங்குகளின் பெயரை வைப்பது சாதாரணம். அஸது என்றால் சிங்கம், ஃபஹது என்றால் சிறுத்தை. எனவே உவைஸ் என்றால் 'சிறு கொடை' என்றும் சொல்லலாம், 'ஓநாய்க்குட்டி' என்றும் சொல்லலாம். பிள்ளைக்குப் பெயரிடுகிற நாம் முதற் பொருளை மனத்தில் வைத்துக்கொள்வோம். மதீனாவில் நபிகள் நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்களுக்கு ஆதரவு தந்த அன்ஸாரிகள் இரண்டு கூட்டத்தார். அவர்களுள் ஒரு கூட்டத்தின் பெயரும் அவ்ஸ்தான். மற்றது கஸ்ரஜ்.

பெயரோடு 'கரனீ' என்று சேர்த்துச் சொல்கிறோமே, அது ஊர்ப் பெயர் என்று பலர் எண்ணுகிறார்கள். தாயிஃபுக்கு அருகில் ஹாஜிகள் இஹ்ராம் கட்டும் 'கர்ன்' என்ற எல்லையோடு இதைச் சேர்த்துக் குழப்புவதும் உண்டு. அது வேறு, இது வேறு. யமன் நாட்டு முராது கோத்திரத்தில் 'கரன்' என்று ஒரு கிளை உண்டு. அந்தக் கிளையில் வந்தவர் என்பதே பொருள்.

பெயருக்குரிய பெரியவர்

உவைஸ் இப்னு ஆமிர் அவர்கள் நபிகள் நாயகம் வாழ்ந்த காலத்திலேயே யமனில் வாழ்ந்தவர். ஈமான் கொண்டவர். ஆனால் நாயகத்தை நேரில் காணும் பாக்கியம் பெறவில்லை. கண்டவர்கள் ஸஹாபிகள். காணாமல் ஸஹாபிகளைக் கண்டவர்கள் தாபியீன்கள். உவைஸ் அவர்கள் இரண்டாவது வரிசையில் நிற்கிறார்கள். அந்த வரிசையில் அவர்களே சிறந்தவர் என்று நாயகம் சொன்னதாக ஸஹீஹ் முஸ்லிம் கிதாபில் வந்திருக்கிறது.

அந்த ஹதீஸில் உள்ள செய்தியின் சுருக்கம் இது. யமனிலிருந்து வரும் உதவிப் படையோடு உவைஸ் என்பவர் வருவார். அவருக்கு வெண்குஷ்டம் இருந்து, ஒரு திர்ஹம் அளவு இடம் தவிர மற்றதெல்லாம் குணமாகியிருக்கும். அவருக்கு ஒரு தாய் உண்டு, அத்தாய்க்கு அவர் நன்மை செய்கிறவர். உமக்காகப் பாவமன்னிப்புக் கேட்கும்படி அவரிடம் சொல்ல முடியுமானால் அப்படிச் செய்யும் என்று உமர் ரலியல்லாஹு அன்ஹு அவர்களுக்கு நாயகம் அறிவித்திருந்தார்கள்.

உமர் அவர்கள் கலீஃபாவாக இருந்த காலம் 634 முதல் 644 வரை. யமன் கூட்டம் வரும்போதெல்லாம், உவைஸ் உங்களில் இருக்கிறாரா என்று விசாரிப்பார்கள். ஒருநாள் கண்டுபிடித்து, அடையாளங்களை ஒவ்வொன்றாகக் கேட்டு உறுதிசெய்து, தமக்காக துஆச் செய்யும்படி கேட்டார்கள். பிறகு, எங்கே போகிறீர் என்றார்கள். கூஃபாவுக்கு என்றார். அங்குள்ள கவர்னருக்கு உமக்காக ஒரு கடிதம் எழுதித் தரட்டுமா என்றார்கள். வேண்டாம், எளிய ஜனங்களோடு ஒருவனாக இருப்பதே எனக்கு விருப்பம் என்று உவைஸ் அவர்கள் சொல்லிவிட்டார்கள். நாமோ ஒரு லைசென்ஸுக்கும் பெர்மிட்டுக்கும் சிபாரிசுக் கடிதம் தேடி எத்தனை வாசல் ஏறுகிறோம்! கலீஃபாவே முன்வந்து தந்த சிபாரிசை வேண்டாமென்று சொன்னவர் அவர்.

மறு வருஷம் கூஃபாவிலிருந்து ஹஜ்ஜுக்கு வந்த ஒரு பிரமுகரிடம் உமர் அவர்கள் விசாரித்தபோது, பழைய வீட்டில் சொற்பச் சாமான்களோடு இருக்கிறார் என்று தெரிந்தது. அந்தப் பிரமுகர் ஊர் திரும்பி அவரிடம் துஆ கேட்டார். விஷயம் வெளியே பரவியது. ஜனங்கள் தம்மை அறிந்துகொண்டார்கள் என்று கண்டதும் உவைஸ் அவர்கள் அவ்விடம் விட்டுப் போய்விட்டார்கள்.

நாயகத்தைக் காணப் போகாமல் அவர்களைத் தடுத்தது தாய்க்குச் செய்த பணிவிடையே என்று பெரியோர்கள் எழுதியிருக்கிறார்கள். மதீனா வாசல்வரை வந்து, தாய் சொன்ன நேரத்துக்குத் திரும்பிப் போனார் என்ற கதையும், உஹது யுத்தத்தில் நாயகத்தின் பல் உடைந்தது கேட்டுத் தம் பற்களை உடைத்துக்கொண்டார் என்ற கதையும் மக்கள் வாயில் வழங்குகின்றன. அவை முஸ்லிம் கிதாபிலுள்ள ஹதீஸில் இல்லை. ஹதீஸையும் கதையையும் ஒரே தராசில் நிறுக்கக்கூடாது. ஹதீஸில் உள்ளதே நமக்குப் போதுமானது.

657ஆம் வருஷம் ஸிஃப்பீன் யுத்தத்தில் அவர்கள் ஷஹீதானார்கள் என்று சரித்திர ஆசிரியர் பலர் எழுதுகிறார்கள். ஷாம் நாட்டு ரக்கா நகரில் அவர்கள் பெயரால் இருந்த ஜியாரத்தை 2014இல் தீவிரவாதிகள் வெடிவைத்துத் தகர்த்தார்கள். கட்டடம் போயிற்று, பெயர் போகவில்லை.

எங்கெல்லாம் வழங்குகிறது?

நம்மிடம் அரிதான இந்தப் பெயர் வேறு நாடுகளில் சாதாரணம். 1356 முதல் 1374 வரை பாக்தாதையும் தப்ரீஸையும் ஆண்ட ஜலாயிர் வம்ச சுல்தானின் பெயர் ஷைகு உவைஸ். துருக்கியர் 'உவைஸுல் கரனீ' என்பதை 'வெய்சல் கரானி' என்று திரித்து, 'வெய்சல்' என்பதைத் தனிப் பெயராகவே ஆக்கிக்கொண்டார்கள். சிறு வயதில் அம்மையால் கண்ணிழந்து, சாஸ் என்னும் நரம்பு வாத்தியத்தோடு பாடிப் புகழ்பெற்ற ஆஷிக் வெய்சல் (1894–1973) அப்பெயர் தாங்கியவர். நாயகம் உவைஸ் அவர்களுக்குக் கொடுக்கச் சொன்னது என்று நம்பப்படும் அங்கி, இஸ்தான்புல்லில் 1851இல் அதற்கென்றே கட்டப்பட்ட ஹிர்காயி ஷரீஃப் பள்ளியில் உள்ளது. ரமலானில் மக்கள் வரிசையில் நின்று பார்க்கிறார்கள்.

உருதுக்காரர் 'ஒவைஸ்' என்றும் 'அவைஸ்' என்றும் சொல்வார்கள். 'ஒவைசி' என்ற குடும்பப் பெயரும் இதன் கிளையே. மலாய்க்காரர் 'உவைஸ் அல்கர்னி' என்று இரண்டும் சேர்த்தே வைக்கிறார்கள். பிறப்புப் பத்திரத்தில் பதியும்போது எழுத்தை ஒருமுறைக்கு இருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஒரே பெயர் மூன்று விதமாக எழுதப்படுவதால் பின்னால் பாஸ்போர்ட்டில் தொல்லை வரும்.

தமிழுக்கும் இந்தப் பெயரால் பெருமை உண்டு. இலங்கை பாணந்துறையைச் சேர்ந்த பேராசிரியர் ம. முகம்மது உவைஸ் (1922–1996), தமிழுக்கு முஸ்லிம்கள் செய்த தொண்டை ஆராய்ந்து ஆங்கிலத்தில் எழுதிய நூல் 1953இல் வெளிவந்தது. பிற்காலத்தில் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் இருந்து, பீ. மு. அஜ்மல்கானுடன் சேர்ந்து இஸ்லாமியத் தமிழ் இலக்கிய வரலாற்றைப் பல தொகுதிகளாக எழுதினார். நம் புலவர்களின் பெயர்கள் மறைந்துபோகாமல் காத்தவர்களில் அவர் முதன்மையானவர்.

நமக்குள்ள பாடம்

நாம் சபராளிகள். நம் வாப்பாமார் உம்மாவை ஊரில் விட்டுவிட்டுக் கப்பலேறியவர்கள். இன்றும் நம் கடைகளில் வேலை செய்யும் பிள்ளைகள் பலர் அப்படியே வந்திருக்கிறார்கள். சம்பாதிக்கப் புறப்படுவது குற்றமல்ல. மாதம் தவறாமல் பணம் அனுப்புவதும் நன்மையே. ஆனால் பணம் போகும் இடத்துக்கு மகனும் போகவேண்டும். கைத்தொலைபேசியில் முகம் பார்த்தால் போதும் என்று உம்மா சொல்வது நம் சிரமம் அறிந்து சொல்வது. அது உண்மை என்று எடுத்துக்கொள்ளலாகாது.

முதலாளிமார்களுக்கு ஒரு வார்த்தை. கடைப் பையன் வந்து, "உம்மாவுக்கு உடம்புக்கு முடியவில்லை, ஊருக்குப் போய் வரவேண்டும்" என்று நிற்கிறான். "பெருநாள் வியாபாரம் முடியட்டும் தம்பி" என்று நாம் சொல்கிறோம். வியாபாரம் முடிகிறது. பையன் போகும்போது கபுறைத்தான் காண்கிறான். அந்த ஒரு மாத லாபத்தை எந்தக் கணக்கில் எழுதுவது? தாய்க்குச் செய்த பணியால், காணாதிருந்தும் நாயகத்தின் வாயால் பெயர் சொல்லப்பட்டவர் உவைஸ் அவர்கள். அப்பெயரைப் பேரனுக்கு வைத்துவிட்டு, இன்னொரு தாயின் பிள்ளையைக் கல்லாவுக்குப் பக்கத்தில் கட்டிப்போடுவது பொருந்துமா? லீவு கொடுங்கள். முடிந்தால் டிக்கெட்டும் எடுத்துக்கொடுங்கள்.

பெயர் வைப்பது ஒருநாள் வேலை. அதன் பொருளைப் பிள்ளைக்குச் சொல்லி வளர்ப்பது பல வருஷ வேலை. இந்த உவைஸும் அவன் போன்ற பிள்ளைகளும் பெயருக்கேற்ற சாலிஹான மக்களாக வளர அல்லாஹ் அருள்புரிவானாக. ஆமீன்.