சந்தேகப்பட்டால் ஞானம் தள்ளிப்போகுமா?

கேள்வி: சில வருடங்களாகத் தியானம் பழகுகிறேன். எதையும் கேட்டவுடன் நம்ப என்னால் முடியவில்லை. "சந்தேகப் புத்தி இருக்கிறவரை நீ முன்னேற மாட்டாய்" என்கிறார்கள். உண்மைதானா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: கேள்வி கேட்பதே குற்றம் என்று பலரும் நினைக்கிறார்கள். முதலில் அதைத் தள்ளிவைப்போம். பதஞ்சலியின் யோக சூத்திரம் ஒன்பது தடைகளைச் சொல்கிறது. அவற்றில் ஒன்று சம்சயம். 'இப்படியும் இருக்கலாம், இல்லாமலும் போகலாம்' என்று இரண்டு முனையையும் தொட்டபடி நிற்கும் மனநிலை அது என்று வியாசரின் உரை விளக்குகிறது. அந்த மனம் விசாரிக்கக் கிளம்புவதே இல்லை. தடை அங்கேதான் இருக்கிறது.

நரேந்திரநாதரை, அதாவது பிற்கால விவேகானந்தரைப் பாருங்கள். 1881-இல் ராமகிருஷ்ணரைச் சந்தித்தவர், எதையும் சோதிக்காமல் ஏற்கவில்லை. பணத்தின் ஸ்பரிசமே தாங்காது என்று குரு சொன்னதைச் சரிபார்க்க, அவர் இல்லாத நேரத்தில் படுக்கைக்கு அடியில் ஒரு ரூபாயை ஒளித்துவைத்தார். ராமகிருஷ்ணர் வந்து உட்கார்ந்ததும் வலியில் துள்ளி எழுந்தார் என்கிறது வரலாறு. அந்தச் சந்தேகம் அன்றோடு தீர்ந்தது.

குரு வணங்கிய காளியின் விஷயம் அப்படித் தீரவில்லை. உருவ வழிபாட்டை ஏற்காத பிரம்ம சமாஜத்தில் பழகியவர் நரேந்திரர். 'சிலையில் ஒன்றுமில்லை' என்று ஏற்கெனவே முடிவுகட்டியிருந்தார். முடிவுகட்டிய மனத்துக்குச் சோதித்துப் பார்க்க என்ன இருக்கிறது? பிடிவாதம் என்பது இதுதான். 1884-இல் தந்தை இறந்து, வீட்டில் பட்டினி வந்தது. தமக்காகக் காளி அன்னையிடம் வேண்டும்படி குருவைக் கேட்டார். "நீயே போய்க் கேள்" என்று குரு அனுப்பினார். ஒரே இரவில் மூன்று முறை சந்நிதிக்குப் போயும் அவரால் பணம் கேட்க முடியவில்லை. ஞானமும் பக்தியும் கேட்டுத் திரும்பினார். ஒரு ரூபாய்ச் சந்தேகம் ஒரே நாளில் தீர, காளியை ஏற்க ஏறக்குறைய மூன்று வருடம் பிடித்தது. தாமதத்துக்குக் காரணம் சந்தேகம் அல்ல, பிடிவாதம் என்று நான் உறுதியாகச் சொல்வது இதனால்தான்.

உங்கள் சந்தேகம் எந்த வகை என்று தெரிய வேண்டுமா? ஒரு முறையை மட்டும் எடுத்துக்கொண்டு ஒரு மண்டலம், அதாவது 48 நாள், மாற்றாமல் செய்யுங்கள். எது நடந்தால் ஏற்பேன், எது நடக்காவிட்டால் விடுவேன் என்று தொடங்கும் நாளிலேயே எழுதிவையுங்கள். எழுதவே மனம் வரவில்லை என்றால், நீங்கள் ஏற்கெனவே தீர்ப்புச் சொல்லிவிட்டீர்கள். எழுத முடிந்தால், அதை உங்கள் ஆசிரியரிடமும் தயங்காமல் காட்டுங்கள். தம்மைச் சோதித்துப் பார்த்து ஏற்கச் சொன்னவர்தான் ராமகிருஷ்ணரும்.