மருந்து டப்பாவோடு ஒரு நோட்டுப் புத்தகமும் தேவை

மேலூரை அடுத்த திருவாதவூர் வட்டாரத்தில் கால்வாய்த் தண்ணீரும் கண்மாய்த் தண்ணீரும் கைகொடுத்து, நெல் தொண்டைக்கதிர்ப் பருவத்தை எட்டிவிட்டால் விவசாயிகளுக்குப் புகையான் பயம் வந்துவிடும். பக்கத்து வயல்காரர் மருந்து அடித்தால் நாமும் அடிக்கிறோம். கடைக்காரர் கொடுத்த மருந்தை அவர் சொன்ன அளவுக்குச் சற்றுக் கூடுதலாகவே கலக்கிறோம். என்ன மருந்து, எத்தனை மில்லி, எந்தத் தேதியில் அடித்தோம் என்று ஒரு மாதம் கழித்துக் கேட்டால், நம்மில் பலருக்குப் பதில் தெரியாது.

அந்த நெல்லைத்தான் நம் வீட்டுக் குழந்தைகளும் சாப்பிடுகிறார்கள். மருந்து தெளிப்பதும் நம் உடம்புதான். ஆகவே விவசாயி உற்பத்தியாளர் மட்டுமல்ல, முதல் நுகர்வோரும் அவரே. இந்த உண்மையை நாட்டுக்கு எடுத்துச் சொன்ன ஒரு பத்திரிகையாளரின் பணியைத் தெரிந்துகொள்வது நமக்குப் பயன்படும்.

எஞ்சினீயர் பத்திரிகையாளர் ஆனார்

அனில் அகர்வால் 1947ல் கான்பூரில் பிறந்தார். அங்குள்ள ஐ.ஐ.டி.யில் 1970ல் மெக்கானிகல் எஞ்சினீயரிங் பட்டம் பெற்றார். பெரிய தொழிற்சாலை வேலையைத் தேடிப் போகாமல், 1973ல் ‘இந்துஸ்தான் டைம்ஸ்’ நாளிதழில் அறிவியல் செய்தியாளராகச் சேர்ந்தார். இமயமலைக் கிராமங்களில் பெண்கள் மரங்களைக் கட்டிக்கொண்டு காப்பாற்றிய சிப்கோ இயக்கத்தைப் பற்றி 1974ல் எழுதினார். காடும் தண்ணீரும் கெட்டால் முதலில் அடிபடுவது ஏழைக் குடியானவரின் அடுப்பும் தொழுவமுமே என்பதை அங்கே கண்டார்.

1980ல் டில்லியில் ‘அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம்’ என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். இந்தியச் சுற்றுச்சூழலின் நிலை பற்றிய முதல் குடிமக்கள் அறிக்கை 1982ல் வெளிவந்தது. 1992ல் ‘டவுன் டு எர்த்’ என்ற மாதமிருமுறை இதழ் பிறந்தது. சுனிதா நாராயணுடன் சேர்ந்து 1997ல் வெளியிட்ட ஒரு நூலில், நாடெங்கும் உள்ள பழைய நீர்ச்சேமிப்பு முறைகளைத் தொகுத்தார். நம் தமிழ்நாட்டு ஏரிப் பாசனமும் அதில் இடம்பெற்றது.

நோயும் எழுத்தும்

1990களில் அவரையே புற்றுநோய் தாக்கியது. அவர் அதை மூடி மறைக்கவில்லை. இன்று என் கதை, நாளை உங்கள் கதை என்ற கருத்தில், தம் நோயைப் பற்றியே எழுதினார். காற்று, தண்ணீர், உணவு ஆகியவை கெடுவதற்கும் நம் உடம்புக்கும் உள்ள தொடர்பைச் சாதாரண மக்களுக்குப் புரியும்படி விளக்கினார். வாகனப் புகை பற்றி 1996ல் அவரது மையம் ஒரு நூலை வெளியிட்டது. பூச்சிக்கொல்லிகள் மனித உடம்பில் செய்யும் கேடு பற்றி 1997ல் இன்னொரு நூல் வந்தது. 2002 ஜனவரி 2ஆம் தேதி அவர் காலமானார்.

பத்ரே கிராமம் தரும் பாடம்

கேரளத்தின் காசர்கோடு மாவட்டத்தில் அரசுக் கழகத்தின் முந்திரித் தோட்டங்களில், தேயிலைக் கொசு என்ற பூச்சியைக் கட்டுப்படுத்த, ஹெலிகாப்டர் மூலம் எண்டோசல்பான் மருந்து பல ஆண்டுகள் தெளிக்கப்பட்டது. மருந்து தோட்டத்தில் மட்டும் விழவில்லை. சரிவில் இருந்த வீடுகளிலும் ஓடைகளிலும் விழுந்தது.

அங்கே கன்றுகள் ஊனமாகப் பிறப்பதை முதலில் கவனித்து எழுதியவர் பத்ரே கிராமத்தைச் சேர்ந்த ஸ்ரீ பத்ரே. இவர் பாக்குத் தோட்டம் வைத்திருக்கும் விவசாயி, பத்திரிகையாளரும்கூட. விவசாயியே எழுத வேண்டும் என்ற நோக்கத்துடன் 1988ல் புத்தூரிலிருந்து தொடங்கிய ‘அடிகே பத்ரிகே’ என்ற கன்னட மாத இதழுக்கு ஆசிரியரானார். உள்ளூர் மருத்துவர் ஒருவர், தம்மிடம் வந்த நோயாளிகளின் விவரங்களைக் குறித்துவைத்தார். அரசு வேளாண் துறையில் பணியாற்றிய ஒரு பெண்மணி நீதிமன்றம் சென்றார்.

2001ல் அனில் அகர்வாலின் மையம், அந்தக் கிராமத்திலிருந்து தண்ணீர், மண், பால், ரத்தம் முதலிய மாதிரிகளை எடுத்துப் பரிசோதித்தது. அவற்றில் எண்டோசல்பான் எச்சம் இருப்பதாக அறிவித்தது. மருந்துக் கம்பெனிகள் மறுத்தன. வாதம் பத்தாண்டுகள் நீடித்தது. 2011 ஏப்ரலில் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை நாடுகள் இம்மருந்தை விலக்க வேண்டிய பட்டியலில் சேர்த்தன. அடுத்த மாதம் 13ஆம் தேதி உச்ச நீதிமன்றம் நம் நாட்டில் இதன் உற்பத்திக்கும் விற்பனைக்கும் உபயோகத்துக்கும் தடை விதித்தது. பாதிக்கப்பட்டவர்களுக்குத் தலா 5 லட்சம் ரூபாய் வழங்க 2017ல் உத்தரவிட்டது.

கன்றைக் கண்ணால் பார்த்தவர், பார்த்ததை எழுதிவைத்தவர், எழுதியதைப் பரிசோதித்தவர் என மூவரும் சேர்ந்ததால்தான் உண்மை வெளிவந்தது. பதிவு இல்லாதிருந்தால் வெறும் புலம்பலாகவே போயிருக்கும்.

நாம் செய்ய வேண்டியவை

1. எண்ணிப் பார்த்து முடிவு செய்யுங்கள். தூருக்கடியில் தட்டிப் பாருங்கள். வயலில் சிலந்திகள் இல்லாவிட்டால் தூர் ஒன்றுக்கு ஒரு புகையான், குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் தூர் ஒன்றுக்கு இரண்டு புகையான் என்ற அளவை எட்டினால்தான் மருந்து பற்றி யோசிக்க வேண்டும். தேவையின்றி அடித்தால் சிலந்தியும் நாவாய்ப்பூச்சியும் செத்து, புகையான் முன்னிலும் அதிகமாகப் பெருகும்.

2. மருந்துக்கு முன் மற்ற வழிகளைச் செய்யுங்கள். நடவின்போதே எட்டடிக்கு ஓரடி பட்டம் விடுங்கள். தழைச்சத்தை ஒரேயடியாகக் கொட்டாமல் பிரித்து இடுங்கள். புகையான் தென்பட்டால் தண்ணீரை வடித்து, வயலைக் காயவிடுங்கள்.

3. டப்பாவில் உள்ள சாய்சதுரக் குறியைப் பாருங்கள். அதன் கீழ்ப்பாதி சிவப்பாக இருந்தால் கடும் விஷம். மஞ்சள், நீலம், பச்சை என விஷத்தன்மை படிப்படியாகக் குறையும். பச்சை என்பதற்காகக் கையால் கலக்கலாம் என்று பொருள் அல்ல.

4. அந்த மருந்து உங்கள் பயிருக்குச் சிபாரிசு செய்யப்பட்டதா என்று கேளுங்கள். உதாரணமாக, மானோகுரோட்டோபாஸ் மருந்தைக் காய்கறிப் பயிர்களில் தெளிக்கத் தடை உண்டு. கடைசித் தெளிப்புக்கும் அறுவடைக்கும் இடையே எத்தனை நாள் விட வேண்டும் என்பது மருந்துடன் வரும் துண்டுத்தாளில் இருக்கும். கத்தரியும் வெண்டையும் பறிப்பவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்.

5. காற்று வீசும் திசையிலேயே நடந்து தெளியுங்கள், எதிர்த்துப் போகாதீர்கள். முகமூடி, கையுறை, முழுக்கைச் சட்டை அவசியம். கைத்தெளிப்பானைக் கண்மாயிலோ வாய்க்காலிலோ கழுவாதீர்கள். காலி டப்பாவை வீட்டு உபயோகத்துக்கு எடுக்கவே கூடாது.

6. நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். தேதி, வயல், பூச்சியின் எண்ணிக்கை, மருந்தின் பெயர், அளவு, தெளித்தவர், அவருக்கு ஏற்பட்ட தலைவலி, மயக்கம், அறுவடைத் தேதி ஆகியவற்றை எழுதுங்கள். கடை ரசீதை அதிலேயே ஒட்டுங்கள். மயக்கம் வந்தால் டப்பாவையும் நோட்டையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். எந்த விஷம் என்று தெரிந்தால்தான் டாக்டர் தக்க மாற்று மருந்து கொடுக்க முடியும்.

கண்மாயில் மீன் செத்து மிதந்தாலும், மாடு காரணமின்றி கன்று வீசினாலும், தேனீக்கள் குறைந்தாலும் அதையும் அந்த நோட்டில் குறியுங்கள். வேளாண்மை அலுவலரிடம் காட்டுங்கள். பத்திரிகைக்கு எழுதுங்கள். மாணிக்கவாசகர் பிறந்த ஊர் திருவாதவூர். எழுத்தின் அருமை அந்த ஊருக்குப் புதிதல்ல. வயலை நாள்தோறும் பார்ப்பவர் விவசாயி. அவர் பேனா எடுத்தால், டில்லியிலிருந்து ஒருவர் வந்து பரிசோதிக்கும் வரை காத்திருக்க வேண்டியதில்லை.